தேவன் என்னைத் தனியாக விசாரிக்கிறாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் எல்லார் முன்னிலையிலும் கேட்கப்பட்டவை. கடினமானவை பெரும்பாலும் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டவை. வேத வசனங்களைப் பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் ‘தேவன்’, ‘கர்த்தர்’ என வரும் இடங்களில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ என்று வாசித்துக்கொள்ளலாம்.

“தேவன் என்னை விசாரிக்கிறார்” என்றால் உண்மையில் என்ன பொருள்?

“அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று பேதுரு தம் முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். தமிழில் இந்தச் சொல் அன்றாடம் புழங்குவது. யாழ்ப்பாணம் போகிறவரிடம் “அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்” என்கிறோம். ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரிக்கப் போகிறோம். நலம் கேட்பதும், நினைவில் வைத்திருப்பதும், தேவையறிந்து பார்த்துக்கொள்வதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

ஆனால் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு இதே சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்களுக்கும், விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்கும் ‘விசாரிப்பு’ என்பது அன்பின் சொல்லாகக் காதில் விழுவதில்லை. ஒருமுறை இந்த வசனத்தை வாசித்தபோது வகுப்பிலிருந்த பெரியவர் ஒருவர், “என்னைப் போதுமான அளவு விசாரித்துவிட்டார்கள், ஐயா” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வசனத்தை விளக்காமல் வாசித்துக் கடந்து போவதில்லை. ஒருவகை விசாரணை, கேட்கிறவருடைய தேவைக்காக நடப்பது. உங்களிடமிருந்து ஒரு பதிலைப் பிடுங்கிக்கொண்டால் அதன் வேலை முடிந்தது. மற்றது உங்களுக்காகவே நடப்பது. வேதம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. 142ஆம் சங்கீதத்தில் தாவீது குகைக்குள்ளிருந்து “என் ஆத்துமாவை விசாரிப்பார் ஒருவருமில்லை” என்று முறையிடுவதும் இந்த விசாரிப்பு கிடைக்காத வேதனையில்தான்.

உலகில் 800 கோடி மக்கள் இருக்கையில் ஒருவரைத் தனியாகக் கவனிப்பது எப்படிச் சாத்தியம்?

இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: கவனம் என்பது ஒரு பாத்திரத்துச் சோறு போன்றது, பந்தியில் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும் என்ற கணக்கு. மனிதருக்கு அது சரி. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பின்வரிசைப் பிள்ளையை ஆசிரியர் மறந்துவிடுவார். தேவனைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது வேறு: அவருடைய கவனம் அளவுள்ள பொருளன்று, ஆகவே பங்கிடப்படுவதுமில்லை. எங்களில் ஒவ்வொருவரையும் அவர் ஒருவர் மட்டுமே இருப்பதுபோலவும், எல்லாரையும் ஒரே ஆளைப்போலவும் நீர் பராமரிக்கிறீர் என்ற கருத்தில் புனித அகுஸ்தீன் 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே தேவனை நோக்கிப் பேசியிருக்கிறார்.

இயேசுவோ தத்துவம் பேசாமல் சந்தை விலையைக் காட்டினார். மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது குருவி, புறக்கோட்டையில் காய்கறி வாங்கும்போது மேலதிகமாகக் கிடைக்கும் கறிவேப்பிலைபோல, விலையில்லாமல் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. “அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை” என்று அவர் சொன்னபோது அந்த ஐந்தாவதும் அதில் அடங்குகிறது. தன்னை யாருக்கும் கொசுறாக நினைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது என் வழக்கம்.

இந்தக் கவனிப்பு விசுவாசிகளுக்கும் பெரியவர்களுக்கும் மட்டும்தானா?

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் ஆகார் என்ற எகிப்திய அடிமைப்பெண் வருகிறாள். அவளுடைய எஜமானி சாராயும் சரி, ஆபிராமும் சரி, அந்த அதிகாரத்தில் ஓரிடத்திலேனும் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. இருவர் வாயிலும் அவள் ‘அடிமைப்பெண்’ மட்டுமே. கர்ப்பிணியாக, கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போன அவளை ஒரு நீரூற்றின் அருகே கர்த்தருடைய தூதனானவர் காண்கிறார், “சாராயின் அடிமைப்பெண்ணாகிய ஆகாரே, எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?” என்று கேட்கிறார். கதையில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் முதல் குரல் அதுதான்.

அந்த இரண்டு கேள்விகளையும் கவனியுங்கள். சோதனைச் சாவடியில் எங்களிடம் கேட்கப்பட்டவையும் இவையே. கேட்டவர் வேறு, கேட்டதன் நோக்கமும் வேறு. ஆகார் பயந்து பொய் சொல்லவில்லை. ஓடிப்போவதாக உண்மையைச் சொன்னாள். பின்பு அவளே கர்த்தருக்கு ஒரு பெயர் வைத்தாள்: “நீர் என்னைக் காண்கிற தேவன்.” கொழும்பு வீடுகளில் வேலைக்கு வந்திருக்கும் மலையகப் பெண்களையும், வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போனவர்களையும் நினைக்காமல் இந்த அதிகாரத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை. வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும்போது சமையலறையில் நிற்கிற பிள்ளையின் முழுப்பெயர் அந்த வீட்டாருக்குத் தெரியுமா என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். அன்று பதில் வராத வீடுகளும் இருந்தன.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தூதன் அவளை எஜமானியிடம் திரும்பிப் போய் அடங்கியிருக்கச் சொல்கிறார். அது எனக்கு இன்றுவரை நெருடுகிறது. அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் ஒரு வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டதையும், 21ஆம் அதிகாரத்தில் அவள் அந்த வீட்டைவிட்டு அனுப்பிவிடப்பட்டு, தாகத்தால் பிள்ளை சாகும் நிலையில் அழும்போது அவளுக்கு ஒரு துரவு காட்டப்படுவதையும் சேர்த்தே வாசிக்கிறேன். அதனால் நெருடல் முழுவதும் நீங்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

அப்படியானால் 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவன் எங்கே இருந்தார்?

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே இந்தக் கேள்வி இங்கே புத்தகக் கேள்வி அன்று.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. அந்த அடைக்கலான் குருவிகளைப் பற்றி மத்தேயு 10ஆம் அதிகாரத்தில், “உங்கள் பிதாவின் சித்தமில்லாமல், அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது” என்று எங்கள் வேதாகமத்தில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் ‘சித்தம்’ என்ற சொல் இல்லை. ‘உங்கள் பிதா இல்லாமல்’ என்று மட்டுமே உள்ளது. மொழிபெயர்ப்பாளர்கள் பொருளை விளக்கச் சேர்த்த சொல் அது, அதற்கு நியாயமும் உண்டு. 1563இல் வெளிவந்ததும் டச்சுச் சீர்திருத்தச் சபைகளின் விசுவாச அறிக்கைகளில் ஒன்றுமான ஹைடல்பெர்க் வினாவிடை, தன் 129 கேள்விகளில் முதலாவதாக வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் என்ன என்று கேட்டு, பிதாவின் சித்தமின்றி என் தலையிலிருந்து ஒரு மயிரும் விழாது என்று அதே பதிலில் சொல்கிறது. 1757இல் திறக்கப்பட்ட உல்ஃபெண்டால் ஆலயம் அந்தச் சபை மரபு கொழும்பில் விட்டுச்சென்றது. அந்த ஆறுதலால் தாங்கப்பட்டவர்களை நான் அறிவேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் “இது தேவ சித்தம்” என்று மூன்றாம் நாள் போய்ச் சொல்வதற்கு அந்த வசனம் அனுமதிச்சீட்டு அன்று. குருவி விழும்போது பிதா அங்கே இல்லாமலில்லை என்பதே அதன் மூல வார்த்தை. குருவி விழவே விழாது என்று இயேசு சொல்லவில்லை.

இரண்டாவது, அன்று ஆலயத்துக்குப் பிந்திப் போனதாலோ போகாமல் விட்டதாலோ தப்பியவர்கள் “தேவன் என்னைக் காப்பாற்றினார்” என்று சொல்கிறார்கள். அவர்களுடைய நன்றி உண்மையானது. என்றாலும் அந்தச் சாட்சியை இழப்புக்குள்ளான குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால், உங்கள் பிள்ளையைக் காப்பாற்றவில்லை என்ற மறுபாதியும் சேர்ந்தே கேட்கும். அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் இயேசுவோடு மிக நெருங்கியிருந்த சீஷர்கள். ஏன் ஒருவர் மட்டும் தப்பினார் என்று லூக்கா ஒரு வரியிலும் விளக்கவில்லை. யாக்கோபு குறைவாக நேசிக்கப்பட்டார் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசியபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார். காரணம் ஒன்றையும் தரவில்லை.

ஏன் என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. எங்கே என்ற கேள்விக்குக் கிறிஸ்தவம் சிலுவையைக் காட்டுகிறது. “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கூவி இறந்தவரிடத்தில் தேவனே இருந்தார் என்பதுதான் எங்கள் விசுவாசத்தின் மையம். அதை ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்விக்குத் தரப்படும் எந்தப் பதிலும் எனக்கு மெலிந்ததாகவே தெரிகிறது.

காணாமல் ஆக்கப்பட்ட என் மகனைத் தேவன் அறிவாரா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய்மார் ஒருவர் இருவரல்லர். இலங்கைத் தமிழில் ‘காணாமற்போன’ என்ற சொல்லின் பாரம் மற்ற இடங்களில் இல்லை. 2016இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்மூலம் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்றே ஓர் அலுவலகம் உருவாக்கப்பட்ட நாடு இது. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் வனாந்தரத்திலே விட்டு, ‘காணாமற்போன’ ஒன்றைக் கண்டுபிடிக்குமளவும் தேடித் திரிகிறான். பிரசங்கங்களில் அந்த ஆடு எப்போதும் வழிதவறிய பாவியாகவே வரும். உவமையின் நேர்ப்பொருளும் அதுதான். ஆனால் படத்தைக் கையில் ஏந்தி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்த உவமையில் வேறொன்று தெரிகிறது: எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் கணக்கை முடித்துவிடாத ஒருவர் இருக்கிறார். அந்தத் தாயின் வாசிப்பு தவறென்று நான் சொல்லமாட்டேன்.

மகன் திரும்புவார் என்ற வாக்குறுதியை இந்த வசனத்திலிருந்து யாரும் கொடுக்கக் கூடாது. உபவாசம் இருந்தால் இத்தனை நாளில் செய்தி வரும் என்று சொல்கிறவர்களிடமிருந்து விலகியிருங்கள். “என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?” என்று கேட்கும் 56ஆம் சங்கீதத்தை இந்தத் தாய்மாரோடு சேர்ந்து வாசித்திருக்கிறேன். கோப்பு மூடப்பட்டதென்று எந்த அலுவலகம் சொன்னாலும், தேவனிடத்தில் அந்தப் பெயர் மூடப்படவில்லை என்பதை மட்டும் துணிந்து சொல்வேன்.

பக்கத்து வீட்டாருக்கு விசா கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களைத்தான் தேவன் அதிகம் நேசிக்கிறாரா?

இல்லை. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார். அது நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவும் தம் துன்பத்தின் பாத்திரம் நீங்கும்படி ஜெபித்தார். கிடைத்த விசாவை மேடையில் சாட்சியாகச் சொல்லும் வழக்கம் கொழும்புச் சபைகளில் பரவியிருக்கிறது. நிராகரிக்கப்பட்டவருக்கு மேடை கிடைப்பதில்லை என்பதால்தான் தேவன் எல்லாருக்கும் கொடுத்து உங்களுக்கு மட்டும் மறுத்ததாகத் தோன்றுகிறது.

இதற்கும் தலையெழுத்துக்கும் என்ன வேறுபாடு?

தலையெழுத்தோடு வழக்காட முடியாது. எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான், அதற்குக் காதில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள்: எதுவரைக்கும், ஏன், எழுந்தருளும், மறந்துவிட்டீரா என்று நேருக்கு நேர் கேட்பவை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. யோபு தேவனோடு வழக்காடினார். இறுதியில் கண்டிக்கப்பட்டவர்கள் தேவனுக்காக வாதாடிய அவருடைய சிநேகிதர்களே. கேட்கிற ஒருவர் இருப்பதாக நம்புகிறவரால்தான் முறையிட முடியும். கிறிஸ்தவ வீடுகளிலும் சாதகம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பயம்தான் காரணம், அவர்களைக் கேலி செய்து பயனில்லை.

சிறிய விடயங்களுக்காக ஜெபிக்கலாமா?

ஜெபிக்கலாம். இயேசு சொன்னபடி உங்கள் தலைமயிரையெல்லாம் எண்ணியிருப்பவருக்குப் பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை அற்பமாக இராது.

கத்தோலிக்கர் அந்தோனியாரிடம் போவது, தேவன் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதாலா?

அல்ல. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போகும் கத்தோலிக்கர், அயலாரிடம் “எனக்காக ஜெபியுங்கள்” என்று கேட்பதுபோல ஒரு புனிதரிடம் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் காவல்தூதர் உண்டென்ற அவர்களுடைய போதனையும் தேவனுடைய நேரடிக் கவனிப்பின் ஒரு வடிவமாகவே சொல்லப்படுகிறது. புரொட்டஸ்தாந்து மரபில் வளர்ந்த நான் அப்படி ஜெபிப்பதில்லை. ஆனால் அந்த வரிசையில் இந்துக்களும் பௌத்தர்களும்கூட நிற்பதைப் பார்க்கும்போது, தன்னை யாராவது விசாரிக்கமாட்டார்களா என்ற ஏக்கம் எவ்வளவு பொதுவானது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு எதையும் உணர முடியவில்லை. மனம் மரத்துப்போயிருக்கிறது. நான் கைவிடப்பட்டேனா?

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கோரியபோது, தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. அவர் தூங்கினார், தூதன் தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பாடு. உபதேசம் வெகுநாள் கழித்தே வந்தது. உணர்வு இல்லாதது கைவிடப்பட்டதற்கு அடையாளமன்று. நித்திரையும் உணவும் மருந்தும் விசுவாசக் குறைவுமன்று. மனச்சோர்வு நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். “இன்னும் உருக்கமாய் ஜெபியுங்கள்” என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிடுகிறவர் எலியாவின் கதையைச் சரியாக வாசிக்கவில்லை.

இந்தக் கவனிப்பு நடைமுறையில் எப்படி வந்து சேருகிறது?

பெரும்பாலும் மனிதருடைய கால்களில் நடந்து வருகிறது. கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார், கத்தோலிக்கக் குருமாருக்கு டச்சு ஆட்சி தடைவிதித்திருந்த காலத்தில் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் நுழைந்தவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே விட்டு ஓடியபோது, அவர் மதம் பாராமல் அவர்களைப் பராமரித்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். திடலில் கூடிய பெருந்திரளைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அந்த அம்மை நோயாளிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். தேவன் தங்களை விசாரிக்கிறாரா என்று அவர்களில் யாராவது கேட்டிருந்தால், பதில் அன்று தண்ணீர்ப் பாத்திரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்று இயேசு சொல்கிறார். பேதுரு தேவனைப் பற்றிச் சொன்ன அதே சொல்லைத் தமிழ் வேதாகமம் இங்கே எங்களுக்குத் தருகிறது.

எங்கள் தொடர்மாடியில் ஒரு வயதான அம்மா தனியே இருக்கிறார், பிள்ளைகள் கனடாவில். தேவன் அவரை மறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

முதல் நாளே சொல்லாதீர்கள். மாலையில், தொலைக்காட்சித் தொடர் தொடங்குவதற்கு முன், கதவைத் தட்டி “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். வேதாகமத்தைக் கையில் கொண்டு போகவேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் யார் யார் என்று கேளுங்கள். பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை போகும்போது அந்தப் பெயர்களைச் சொல்லியே விசாரியுங்கள். மின்தூக்கி பழுதாகும் நாட்களில் பாணும் மருந்தும் யார் வாங்கிக் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒருநாள் அவரே ஜெபிக்கச் சொன்னால், 142ஆம் சங்கீதம் ஏழே வசனங்கள்தான். அதை மெதுவாக வாசிக்கலாம்.